பத்து என்று பெயர், பதினெட்டு அணிகள்

ஒரு சீசனுக்கு 12 சனிக்கிழமைகள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தலைவலிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன.

நம் ஊர்க் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் ஆட்டம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட உடம்பு தாங்காது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் 12 ஆட்டங்கள். அதில் எட்டோ ஒன்பதோ தன் சொந்த ‘கான்ஃபரன்ஸ்’ அணிகளோடு. பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் சேர்ந்து வைத்துக்கொண்ட கூட்டமைப்புக்குத்தான் அந்தப் பெயர். பத்து அணிகள் கொண்ட கூட்டமைப்பு என்றால் ஒன்பது ஆட்டங்களில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடலாம். 18 அணிகள் என்றால் ஆளுக்கு 17 ஆட்டங்கள் வேண்டும், நடக்காத காரியம். அப்படியானால் யார் யாரோடு ஆடுவது, யாரைப் பார்க்காமலே ஆண்டைக் கழிப்பது, கடைசியில் யாரைச் சாம்பியன் என்று அறிவிப்பது?

இந்தக் கேள்விக்கு ‘பிக் டென்’ கூட்டமைப்பு கடந்த ஐம்பது ஆண்டுகளில் சொல்லிப் பார்த்த விடைகள்தான் இந்தக் கட்டுரை. 1896இல் சிகாகோவில் ஏழு பல்கலைக்கழகங்கள் கூடித் தொடங்கியது அது. மிச்சிகன், இல்லினாய், மினசோட்டா, விஸ்கான்சின், பர்டியூ என்று பெரும்பாலும் பெரிய ஏரிகளைச் சுற்றிய, சோளக்காடுகள் சூழ்ந்த ஊர்கள். பெயரில் பத்து இருந்தாலும், எண்ணிக்கை பத்தாக இருந்த காலம் முடிந்து ரொம்ப நாளாகிறது.

1973 நவம்பர் 24. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம். மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்து நிற்கின்றன. அரங்கில் லட்சம் பேருக்கு மேல். இடைவேளையில் 10-0 என்று ஒஹாயோ முன்னிலை. மிச்சிகன் துரத்திப் பிடித்து 10-10 ஆக்கியது. கடைசி நேரத்தில் மிச்சிகன் உதைத்த இரண்டு ஃபீல்ட் கோல்களும் கம்பத்துக்கு வெளியே போயின. எக்ஸ்ட்ரா டைம் என்ற வழக்கமே அப்போது கல்லூரி ஆட்டத்தில் இல்லை. டிரா. இருவருக்கும் சம புள்ளி, இருவரும் கூட்டுச் சாம்பியன்கள்.

ஆனால் சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றான கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுலுக்கு ஒரு அணிதான் போகலாம். மறுநாள் கூட்டமைப்பின் பத்துப் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களிடமும் வாக்குக் கேட்டார்கள். ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பெரும்பான்மை. 6-4 என்று பின்னாளில் வெளியே வந்தது. மிச்சிகனின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் டெனிஸ் ஃபிராங்க்ளின் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் காறை எலும்பு முறிந்து வெளியேறியிருந்தார். அவர் இல்லாத அணியை அனுப்பினால் ரோஸ் பவுலில் கூட்டமைப்பின் மானம் போய்விடும் என்ற பயம்தான் வாக்குகளைத் திருப்பியது என்று மிச்சிகன்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் அந்தக் கசப்பைச் சாகும்வரை விடவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், ரோஸ் பவுலைத் தவிர வேறு எந்த பவுல் ஆட்டத்துக்கும் பிக் டென் அணி போகக் கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. பத்து வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லை. மிச்சிகன் வீட்டில் உட்கார்ந்திருந்தது. 1975இல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

அன்றைய ஏற்பாட்டைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இந்த வாக்கெடுப்பை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பத்தே அணிகள் இருந்தும் எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதிய சீசன்கள் அபூர்வம். 1983இல் இல்லினாய் மற்ற ஒன்பது அணிகளையும் ஒரே சீசனில் வென்று காட்டியது. அந்தப் பெருமை வேறு எந்த பிக் டென் அணிக்கும் வாய்க்கவில்லை. மற்ற ஆண்டுகளில் யாரோ ஒருவரைச் சந்திக்காமல் தப்பிப்பதும் சாம்பியன் ஆவதற்கான ஒரு வழி.

1990இல் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் உள்ளே வந்தது. எண்ணிக்கை 11. பெயரை மாற்ற மனம் வரவில்லை. பதிலாக லோகோவில் ஒரு தந்திரம் செய்தார்கள்: ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் ‘டி’ என்ற எழுத்தின் இரு புறமும் உள்ள வெற்றிடத்தில் 11 என்ற எண் தெரியும்படி வடிவமைத்தார்கள். தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

11 அணிகள், எட்டு ஆட்டங்கள். ஆண்டுதோறும் இரண்டு பேரை ஒவ்வொரு அணியும் தவறவிடும். 2002இல் அந்த ஓட்டை பெரிதாகத் திறந்தது. ஒஹாயோ ஸ்டேட் கூட்டமைப்பு ஆட்டங்கள் எட்டையும் வென்றது. அயோவாவும் எட்டையும் வென்றது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அந்த ஆண்டு அட்டவணையில் அந்த ஆட்டம் இல்லை. கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒஹாயோ ஸ்டேட் தேசியச் சாம்பியன் ஆனது. அயோவா ஆரஞ்சு பவுலுக்குப் போய் யூ.எஸ்.சி.யிடம் தோற்றது. ‘நாங்கள் மோதியிருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியம் அயோவாவில் இன்னும் முடிந்தபாடில்லை.

இதற்கு மருந்து என்று வந்ததுதான் பிரிவு. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட விதம் வேடிக்கையானது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப் புத்தகத்தில் 1980களில் ஒரு சலுகை சேர்க்கப்பட்டது: 12 அல்லது அதற்கு மேல் அணிகள் உள்ள கூட்டமைப்பு இரண்டு பிரிவாகப் பிரிந்து, பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால், இரு பிரிவுச் சாம்பியன்களும் கூடுதலாக ஒரு இறுதி ஆட்டம் ஆடலாம். பென்சில்வேனியாவின் சிறு கல்லூரிகள் தங்களுக்காகக் கேட்டு வாங்கிய சலுகை அது. தென்மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பின் கமிஷனர் ராய் கிரேமர் அதைத் தன் பக்கம் திருப்பினார். ஆர்கன்சா, சவுத் கரோலைனா இரண்டையும் சேர்த்துப் பத்தைப் பன்னிரண்டாக்கி, கிழக்கு மேற்கு என்று பிரித்து, 1992 டிசம்பர் 5 அன்று பர்மிங்ஹாமில் முதல் இறுதி ஆட்டத்தை நடத்தினார். அலபாமா 28, ஃபுளோரிடா 21. தொலைக்காட்சிக்குக் கொண்டாட்டம், கஜானாவுக்கும்தான்.

கவனிக்க வேண்டியது இது: பிரிவு யாருக்கும் ஆசையாக வந்த பொருள் அல்ல. இறுதி ஆட்டம் வேண்டும்; அதற்குப் பிரிவு வேண்டும் என்று விதி சொன்னது; ஆகவே பிரிந்தார்கள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எல்லாம் புரிந்துவிடும்.

பிக் டென்னுக்குப் பன்னிரண்டாவது அணி 2011இல்தான் கிடைத்தது: நெப்ராஸ்கா. கமிஷனர் ஜிம் டெலனி வரைபடத்தை ஒதுக்கி வைத்தார். பென் ஸ்டேட் களமிறங்கிய 1993 முதலான வெற்றி தோல்விக் கணக்கை எடுத்து, பலத்தைச் சமமாகப் பங்கிட்டார். ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட் ஒரு பக்கம். மிச்சிகன், நெப்ராஸ்கா மறு பக்கம். அடுத்த நிலையில் விஸ்கான்சின் இங்கே, அயோவா அங்கே. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத பாகப்பிரிவினை. பிரிவுகளுக்கு ‘லெஜெண்ட்ஸ்’, ‘லீடர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஊரே சிரித்தது. யார் எந்தப் பிரிவு என்பது தீவிர ரசிகர்களுக்கே மனதில் நிற்கவில்லை. கிழக்கு என்றால் கிழக்கே இருப்பவன் என்று தெரியும். லெஜெண்ட் யார், லீடர் யார் என்பதற்கு எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது?

மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் வெவ்வேறு பிரிவுக்குப் போனதில்தான் பெரிய கொந்தளிப்பு. அந்த ஆட்டத்தை அக்டோபருக்குத் தள்ளிவிடுவார்களோ என்று இரண்டு மாநிலங்களும் பதறின. கடைசியில், பிரிவு தாண்டினாலும் ஆண்டுதோறும் நடக்கும் காப்பு ஆட்டமாக அதை நவம்பர் கடைசிச் சனிக்கிழமையிலேயே வைத்தார்கள். ஒவ்வொரு அணிக்கும் அப்படி ஒரே ஒரு காப்பு ஆட்டம்தான். விஸ்கான்சின் அதை மினசோட்டாவுக்குக் கொடுத்தது. அவர்களின் பகை 1890இலிருந்து வருகிறது. விளைவு, பக்கத்து மாநிலமான அயோவாவோடு 2011, 2012 இரண்டு ஆண்டும் விஸ்கான்சின் ஆடவில்லை. எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ஊரோடு ஆட்டம் இல்லை, பென்சில்வேனியாவுக்கு மட்டும் ஆண்டு தவறாமல் ஆட்டம்.

சமநிலைக் கணக்கு 2012இல் என்ன ஆனது என்று பாருங்கள். லீடர்ஸ் பிரிவில் ஒஹாயோ ஸ்டேட் முதலிடம், எட்டுக்கு எட்டு வெற்றி. பென் ஸ்டேட் இரண்டாமிடம். இரண்டும் என்.சி.ஏ.ஏ. தண்டனையில் இருந்ததால் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி இல்லை. மூன்றாமிடத்தில் நாலு வெற்றி, நாலு தோல்வி என்று நின்ற விஸ்கான்சின் இறுதி ஆட்டத்துக்குப் போனது. போய்ச் சும்மா வரவில்லை; நெப்ராஸ்காவை 70-31 என்று நொறுக்கிவிட்டு, கூட்டமைப்பின் சாம்பியனாகத் திரும்பியது. விதிப்படி எல்லாம் சரிதான்.

2014இல் மேரிலாந்தும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் வந்தன. அவர்கள் ஆட்டத்துக்காக வந்தார்கள் என்று யாரும் நம்பவில்லை. 2007இல் தொடங்கிய பிக் டென்னின் சொந்தத் தொலைக்காட்சிச் சேனலுக்கு வாஷிங்டன், நியூ யார்க் வட்டாரத்தின் கேபிள் சந்தா வேண்டியிருந்தது. அணிகள் 14 ஆயின. பெயர்க் கூத்தை மூட்டை கட்டிவிட்டு, கிழக்கு மேற்கு என்றே பிரித்தார்கள். கோடு கிட்டத்தட்ட நேர மண்டலத்தின் கோடுதான். கிழக்கு நேரத்தில் இருந்துகொண்டு மேற்குப் பிரிவுக்குப் போன ஒரே அணி பர்டியூ. அதனால் தன் மாநிலத்து இந்தியானாவோடு பர்டியூவின் ஆட்டம் அறுந்துவிடக் கூடாது என்று, அந்த ஒன்றை மட்டும் பிரிவு தாண்டிய காப்பு ஆட்டமாக வைத்தார்கள்.

வரைபடம் நேரானது, தராசு சாய்ந்தது. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் நான்கும் கிழக்கில். 2014 முதல் 2023 வரை பத்து இறுதி ஆட்டங்கள் நடந்தன. பத்தையும் கிழக்கே வென்றது. 2016இல் விஸ்கான்சின் 28-7 என்று முன்னிலை பெற்றும் பென் ஸ்டேட்டிடம் 38-31 என்று கோட்டை விட்டது. மேற்குக்கு வாய்ப்பு வந்த சில மாலைகளில் அது ஒன்று. 2023இல் மிச்சிகன் 26, அயோவா 0. உண்மையான இறுதி ஆட்டம் ஒரு வாரம் முன்பே மிச்சிகனுக்கும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் இடையே நடந்து முடிந்திருக்கும். அதன் பிறகு இண்டியானாபொலிஸ் அரங்கில் நடப்பது சம்பிரதாயம்.

டெலனியின் முதல் பிரிவினை பலத்தைப் பார்த்தது, பக்கத்து ஊரை மறந்தது. இரண்டாவது பக்கத்து ஊரைப் பார்த்தது, பலத்தை மறந்தது. இரண்டையும் ஒரே கோட்டால் பிடிக்க முடியாது என்று கண்டுகொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். அட்லாண்டிக் கரையோர ஏ.சி.சி. கூட்டமைப்பைப் பார்த்தாலே போதும். அங்கே அட்லாண்டிக், கோஸ்டல் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன; இரண்டு பெயரும் கடற்கரையைத்தான் குறிக்கின்றன. நார்த் கரோலைனாவும் வேக் ஃபாரஸ்ட்டும் ஒரே மாநிலம், காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெவ்வேறு பிரிவில் இருந்ததால் ஆண்டுக்கணக்கில் சந்திக்க முடியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, 2019இலும் 2021இலும் ‘கூட்டமைப்புக்கு வெளியே நடக்கும் ஆட்டம்’ என்று தாங்களே ஒப்பந்தம் போட்டு ஆடினார்கள். இருவரும் அதே கூட்டமைப்பின் உறுப்பினர்கள். வென்றாலும் தோற்றாலும் கூட்டமைப்புப் பட்டியலில் ஏறாது.

பிரிவை நாலாக உடைத்தால்? அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். மேற்கு மலை மாநிலங்களின் டபிள்யூ.ஏ.சி. கூட்டமைப்பு 1996இல் ஒரேயடியாக 16 அணிகளாகப் பெருத்தது. ஹவாயிலிருந்து ஓக்லஹோமாவின் டல்ஸா வரை. நாலு நாலு அணியாக நாலு குழுக்கள்; இரண்டு குழு சேர்ந்தால் ஒரு பிரிவு. முதல் குழுவும் நாலாம் குழுவும் தத்தம் பிரிவில் நிலையாக இருக்கும். நடுவிலுள்ள இரண்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரிவு மாறும். காகிதத்தில் அழகான சுழற்சி. நடப்பில், இந்த ஆண்டு நம் பிரிவில் யார் என்று ரசிகன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது. கொலராடோ ஸ்டேட், வயோமிங், ஏர் ஃபோர்ஸ் போன்ற பழைய கூட்டாளிகளுக்கு யூட்டாவும் பி.ஒய்.யூ.வும் கைநழுவின, பதிலுக்கு அவர்களுக்கு யாதொரு உறவும் இல்லாத டெக்சஸ் ஊர்கள் வந்தன. 1998இல் ஐந்து பல்கலைக்கழகத் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடிப் பேசி, வெளியேற முடிவு செய்தார்கள். மேலும் மூவர் சேர, எட்டு அணிகளோடு ‘மவுண்டன் வெஸ்ட்’ பிறந்தது. சுழற்சி ஒரே ஒருமுறைதான் சுற்றியது.

பிறகு விதி மாறியது. 2022 மே மாதம், இறுதி ஆட்டம் நடத்தப் பிரிவுகள் கட்டாயம் இல்லை என்று என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. முப்பது ஆண்டுகளாகப் பிரிவுகளைத் தாங்கி நின்றது அந்த ஒரு விதி. எடுத்ததும், ஒவ்வொரு கூட்டமைப்பாகப் பிரிவுகளைக் கலைக்கத் தொடங்கின. பசிபிக் கரையின் பேக்-12 அதே நாளில் கலைத்தது. ஏ.சி.சி. 2023இல், எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் 2024இல்.

பிக் டென்னுக்கு அதற்குள் இன்னொரு பெருக்கம். லாஸ் ஏஞ்சலஸின் யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ. இரண்டும் வருவதாக 2022 ஜூன் 30 அன்று செய்தி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆரிகன், வாஷிங்டன். 2024 சீசனில் மொத்தம் 18. பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரை வரை ஒரே கூட்டமைப்பு. முதல் சீசனிலேயே யூ.எஸ்.சி. மிச்சிகன், மினசோட்டா, மேரிலாந்து என்று மூன்று ஊர்களுக்குப் பறந்து, மூன்றிலும் ஒரே ஒரு டச்டவுனுக்குள் அடங்கும் வித்தியாசத்தில் தோற்றது. விமானத்தின் மேல் பழி போடுவது எளிது. கடைசிக் கால்பகுதியில் பந்தைத் தவறவிட்டது விமானம் இல்லையே.

இன்றைய ஏற்பாடு இப்படி: பிரிவு இல்லை, ஒரே பட்டியல், முதல் இரண்டு இடங்கள் இறுதி ஆட்டத்துக்கு. ஆளுக்கு ஒன்பது ஆட்டங்கள். 18 அணிகளுக்குள் சாத்தியமான ஜோடிகள் 153. அவற்றில் 12 ஜோடிகள் மட்டும் ஆண்டு தவறாமல் மோதும். மற்ற 141 ஜோடிகளும் சுழற்சியில். ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் எல்லோரையும் ஊருக்கு ஒன்றாகக் குறைந்தது இரண்டு முறை சந்தித்துவிடுவார்கள். ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது: 2022இல் பத்து அணிகளானபோது அங்கும் இரண்டு குழு போட்டார்கள், ஆனால் அது யார் யாரோடு இரண்டு முறை ஆடுவது என்று தீர்மானிக்க மட்டும், புள்ளிப் பட்டியல் ஒன்றுதான். சென்னையும் மும்பையும் இரண்டு முறை மோதும்படி பார்த்துக்கொண்டார்கள்.

பிக் டென்னின் அந்தப் பன்னிரண்டுதான் சுவாரசியம். எல்லா அணிக்கும் சமமாக இத்தனை என்று பங்கு வைக்கவில்லை. அயோவாவுக்கு மூன்று: மினசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின். மிச்சிகனுக்கு இரண்டு. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மிச்சிகன் ஒன்று போதும். பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டு உறுப்பினராக இருந்தும், ஆண்டுதோறும் பார்த்தே ஆக வேண்டிய ஒருவர்கூட அமையவில்லை என்பதை இப்படி அதிகாரபூர்வமாக எழுதித் தந்துவிட்டார்கள். நேர்மையான முடிவு. சமத்துவத்துக்காக இல்லாத பகையை உண்டாக்கவில்லை. (மேரிலாந்து-ரட்கர்ஸ் பட்டியலில் இருப்பது எப்படி என்று கேட்காதீர்கள். யாருமே இல்லாத இருவரை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள்.)

விட்டுப்போன ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. 1903 அக்டோபர் 31, மினியாபொலிஸ். மினசோட்டாவோடு ஆட வந்த மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட்டுக்கு உள்ளூர்த் தண்ணீர் மேல் சந்தேகம். மாணவ மேலாளரை அனுப்பி, 30 சென்ட் கொடுத்து, ஐந்து கேலன் பிடிக்கும் ஒரு மண் ஜாடி வாங்கி வரச் செய்தார். ஆட்டம் 6-6 என்று டிராவில் முடிந்தது. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்த களேபரத்தில் மிச்சிகன்காரர்கள் ஜாடியை விட்டுவிட்டு ரயிலேறிவிட்டார்கள். பராமரிப்புப் பணியாளர் ஆஸ்கர் மன்சன் அதை எடுத்து வைத்தார். ‘மிச்சிகன் ஜாடி, ஆஸ்கர் கைப்பற்றியது’ என்ற பொருளில் அதில் எழுதினார்கள். ஸ்கோரையும் எழுதினார்கள், மினசோட்டாவின் 6 பெரியதாக, மிச்சிகனின் 6 சின்னதாக. பிறகு மிச்சிகன் கேட்டபோது, வந்து ஜெயித்து எடுத்துப் போங்கள் என்று பதில் போனதாகச் சொல்வார்கள். 1909இல் ஜெயித்து எடுத்துப் போனார்கள். அன்றிலிருந்து வெல்கிறவர் வீட்டில் அந்த ஜாடி. கல்லூரி ஃபுட்பாலில் இப்படிக் கைமாறும் கோப்பைகளில் மூத்தது அதுதான். லெஜெண்ட்ஸ் பிரிவில் இருவரும் ஒன்றாக இருந்த மூன்று ஆண்டுகள் ஆட்டம் தவறாமல் நடந்தது. கிழக்கு மேற்கு வந்ததும் எப்போதாவது என்றானது. பன்னிரண்டு பட்டியலில் அதற்கு இடம் இல்லை. கூட்டமைப்புக்குப் புதிதாக வந்த மேரிலாந்து-ரட்கர்ஸுக்கு உண்டு.

குறை அது. ஆனால் சாம்பியனைத் தேடும் வேலையில் இன்றைய ஏற்பாடு பழையவை எல்லாவற்றையும்விட மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2025இல் அதற்குச் சோதனை வந்தது. இந்தியானா, ஒஹாயோ ஸ்டேட் இரண்டும் 12 ஆட்டங்களையும் வென்றன. சீசனில் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஒஹாயோவும் அயோவாவும் 2002இல் நின்ற அதே நிலை. அன்றைய விதிப்படி கோப்பையைப் பங்கு போட்டிருப்பார்கள். கிழக்கு மேற்குக் காலம் என்றால் இரண்டும் ஒரே கிழக்குப் பிரிவு. டிசம்பர் இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கவே முடியாது. டிசம்பர் 6 அன்று இண்டியானாபொலிஸில் நின்றார்கள். இந்தியானா 13, ஒஹாயோ ஸ்டேட் 10. இந்தியானா அதற்கு முன் பிக் டென் பட்டம் வாங்கியது 1945இலும் 1967இலும் மட்டும். தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த பல்கலைக்கழகம். பிரிவுக் காலத்தில் ஒஹாயோ, மிச்சிகன், பென் ஸ்டேட் மூவரின் நிழலில் ஆண்டாண்டாய் நசுங்கிக்கிடந்த அணி.

ஓட்டை முழுக்க அடைபட்டுவிடவில்லை. 2024இல் ஆரிகன் தோல்வியே இல்லாமல் முதலிடம். பென் ஸ்டேட்டும் இந்தியானாவும் ஆளுக்கு ஒரு தோல்வியோடு சமம், தங்களுக்குள் மோதவும் இல்லை. துணை விதிகளைப் புரட்டி பென் ஸ்டேட்டை அனுப்பினார்கள். 18 பேர், ஒன்பது ஆட்டம் என்றிருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும். எஸ்.இ.சி. 2026 முதல் எட்டு ஆட்டத்தை ஒன்பதாக்கி, ஆளுக்கு மூன்று நிலையான எதிரிகள், ஆறு சுழற்சி என்று வகுத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லோரையும் பார்த்துவிடலாம். அங்கே சமப் பங்கு, ஆனால் அலபாமா-எல்.எஸ்.யூ. ஆண்டு ஆட்டம் அந்த மூன்றுக்குள் இடம் பிடிக்கவில்லை.

இத்தனை வேலையும் எதற்காகத் தொடங்கியது? இறுதி ஆட்டம் ஒன்று வேண்டும் என்பதற்காக. 2024இலிருந்து தேசிய அளவில் 12 அணிகள் ஆடும் பிளேஆஃப் வந்துவிட்டது. அந்த முதல் ஆண்டே, பிக் டென் பட்டியலில் நாலாவதாக வந்த ஒஹாயோ ஸ்டேட், கூட்டமைப்பு இறுதி ஆட்டத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் தேசியச் சாம்பியன் ஆனது. மறு ஆண்டு இறுதி ஆட்டத்துக்குப் போய் இந்தியானாவிடம் தோற்றது. தோற்றதற்கு அதன் நஷ்டம், தரவரிசையில் ஒன்றாமிடத்துக்குப் பதில் இரண்டாமிடம். வென்ற இந்தியானாவைப் போலவே அதற்கும் பிளேஆஃபின் முதல் சுற்றில் ஆடாமல் நேரே காலிறுதிக்குப் போகும் சலுகை கிடைத்தது.